ஊரில் தனியாக இருக்கும் நாலு பேர்

அன்புள்ள ஆர்டித்துக்கு, லேவெர்ன் எழுதுவது.

நான் நலம். உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? ஞாயிற்றுக்கிழமை வரவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. பசுக்கள் கன்று போடும் காலம் என்பது உனக்கே தெரியும், விட்டு அசைய முடியவில்லை. போனில் பேசினால் உனக்குப் பாதி காதில் விழுவதில்லை, விழுந்த பாதிக்கு என்னைத் திட்டுகிறாய். அதனால்தான் கடிதம். உன் சிவப்புப் பசு இன்னும் போடவில்லை. நான் கிட்டே போனால் முறைக்கிறது.

எனக்கு மண்டை குழம்பிக் கிடக்கிறது, ஆர்டித். இந்த வாரப் பத்திரிகையில் நம் மாவட்டத்தைப் பற்றி ஒரு பக்கம் முழுக்கப் புள்ளிவிவரம் வந்திருக்கிறது. ஊர் ஊராகப் பிரித்து, எத்தனை பேர், என்ன வயது, வேலைக்குப் போக எவ்வளவு நேரம் என்றெல்லாம். தானியக் கிடங்கில் காலைக் காபிக்குக் கூடியபோது அதைத்தான் விரித்து வைத்திருந்தோம். நான், டெல்மர், ஆர்வில், வெண்டல், வழக்கம்போல நாங்கள் நால்வர்தான். யார் காபிக்குக் காசு கொடுப்பது என்று பகடை உருட்டக்கூட மறந்துவிட்டோம்.

நம் ஊரில் ஒரு வீட்டுக்குச் சராசரி ரெண்டே கால் ஆளாம். "அந்தக் கால் ஆள் டெல்மரோட நாய்தான்யா"ன்னான் வெண்டல். டெல்மர் சிரிக்கவில்லை. அவன் நாய் அவனைவிட வேலை செய்கிறது என்று எல்லோருக்கும் தெரியும்.

அப்புறம் இன்னொரு வரி. அறுபத்தைந்து கடந்து தனியாக வாழும் ஆண்கள், நம் ஊரில் நாலு பேர். இதென்ன பெரிய கணக்கு, பெயரைச் சொல்லிவிடலாமே என்று நான்தான் ஆரம்பித்தேன். டெல்மர் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. ஆர்விலின் மனைவியை நாம் எல்லோரும் சேர்ந்துதான் அடக்கம் செய்தோம். வெண்டலின் மனைவி ஓமஹாவுக்குப் போனவள் திரும்பி வரவில்லை. ஆக மூன்று. நாலாவது யார்?

போதகராக இருக்குமோ என்றேன். அவருக்குத்தான் மனைவி இருக்கிறாரே என்றான் ஆர்வில். ஆற்றோரத்து ஹோல்கரைச் சொன்னேன். அவர் மகளோடு போய்ச் சேர்ந்து எவ்வளவோ காலமாயிற்று. பாழடைந்த பள்ளிக்கூடத்தில் எவனாவது ஒளிந்திருக்கிறானோ என்றுகூடக் கேட்டேன். டெல்மர் சம்பந்தமே இல்லாமல் வைக்கோல் ஈரத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். எனக்கு எரிச்சலாக வந்தது. ஒரு சின்னக் கணக்கு, மூன்று கிழவர்களுக்கும் தெரியவில்லையா என்று சத்தம் போட்டேன்.

காபி ஊற்ற வந்த ஜோலீன்தான் கடைசியில் சொன்னாள். "நாலாவது நீங்கதான், லேவெர்ன்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குத்தான் ஆர்டித் இருக்கிறாளே என்றேன். கணக்கெடுக்க வந்தவரிடம் வீட்டில் ரெண்டு பேர் என்றுதானே சொன்னேன். முதியோர் இல்லத்தில் இருப்பவர்களை அங்கேயே எண்ணிக்கொள்வார்களாம், ஜோலீன் மெதுவாகச் சொன்னாள். நீ பக்கத்து மாவட்டத்து ஆளாம். உன் செருப்பு இங்கே கதவோரம் கிடக்கிறது, உன் பசு இங்கே நிற்கிறது, நீ மட்டும் அந்த மாவட்டமாம். யாரைக் கேட்டு எழுதினார்கள்?

வீட்டுக்கு வந்து கெண்ட்ராவைக் கூப்பிட்டேன். அவள் டென்வரில் இருந்துகொண்டு பெருமூச்சு விட்டாள். "அப்பா, அம்மா இனிமே அங்கதான். உங்களைத் தவிர எல்லாருக்கும் அது தெரியும். வீட்டை வித்துடலாம்ப்பா." நான் போனை வைத்துவிட்டேன். உடைந்த இடுப்பு சரியானதும் வந்துவிடுவாய் என்றுதானே எல்லோரும் சொன்னார்கள்? இல்லை, நான் மட்டும்தான் சொல்லிக்கொண்டிருந்தேனா? எத்தனை யோசித்தாலும் ஞாபகம் வரமாட்டேன் என்கிறது.

உன் சக்கர நாற்காலி ஏறுவதற்குச் சமையலறைக் கதவில் சரிவுப் பலகை போட மரம் வாங்கி வைத்திருக்கிறேன். பனியில் உறைந்த தரை இளகட்டும் என்று காத்திருந்தேன். இப்போது அந்த மரத்தைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது.

ஆர்டித், டாக்டர் சொன்னது வேண்டாம், கெண்ட்ரா சொன்னதும் வேண்டாம். நீ சொல். என் மனம் நோகும் என்று மழுப்பாதே, மழுப்புவது உனக்கு வராது. வருவாய் என்றால் தரை இளகும்வரைகூடக் காத்திருக்கமாட்டேன், நாளைக்கே பலகை அடிக்கிறேன். வரமாட்டாய் என்றால் அங்கே உன் பக்கத்தில் ஒரு கட்டில் காலியாகுமா என்று விசாரித்து வை. பசுக்களை டெல்மர் பார்த்துக்கொள்வான். எது ஆனாலும் பத்திரிகைக்காரனிடம் போய் அந்த நாலை மூன்றாக்கச் சொல்லிவிடுவேன்.

கர்த்தர் உன் எலும்புகளுக்குப் பலம் தரட்டும். சீக்கிரம் பதில் போடு.

உன் வீட்டிலிருந்து,
லேவெர்ன்