தொடாமல் சுடும் சுவர்

இன்று காலை புது வேலை ஒன்றைத் திறந்தேன். ஒரு பொருளில் எங்கே எவ்வளவு சூடு ஏறும் என்று கணித்துச் சொல்லும் நம் மென்பொருள், ஒட்டியிருக்கும் பரப்புகளையெல்லாம் தானே இணைத்துவிட்டு, 'கணக்கை ஓட்டலாமா?' என்று கேட்டு நின்றது. விரல் பொத்தானுக்குப் போகும்போதே உன் அதட்டல் காதில் விழுந்தது: "இருடி, இன்னா அவசரம் உனக்கு?" சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

செஞ்சியில் வளையல் கடைக்கு மேலே நாம் இருவரும் வாடகைக்கு எடுத்த அறையில், கம்பெனிகள் அனுப்பும் வரைபடங்களுக்கு வெப்பக் கணக்குப் போட்டுத் தருவதுதான் பிழைப்பு. அப்படி வந்ததுதான், பச்சிளங்குழந்தைகளைக் கதகதப்பாக வைக்கும் அந்தப் படுக்கை. மேலே ஹீட்டர், நாலு பக்கமும் தகட்டுச் சுவர். சூடு எங்கும் அளவு மீறவில்லை என்று திரையில் எல்லாம் பச்சையாகத்தான் இருந்தது. அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போனால் போதும் என்றிருந்தது எனக்கு.

நீங்கள் சமணக் குடும்பம். பொழுது சாய்வதற்குள் நீ சாப்பிட்டாக வேண்டும். அன்றும் டிபன் பாக்ஸோடு மலையடிவாரத்துப் பாறைகளுக்குப் போனோம். வெயில் இறங்கியிருந்தது. நெருங்கி நின்ற இரண்டு பாறைகளுக்கு நடுவே எதற்கோ கையை நீட்டியவள், புளிசாதத்தைப் பாதியில் மூடிவிட்டாய்.

"இங்க கைய வெய்யி. ரெண்டும் ஒன்ன ஒன்னு தொடல. ஆனாலும் எப்டி காயுது பாரு! நாம ஒட்டி இருக்கறதுக்கு மட்டுந்தான் சூடு குடுத்தோம். ஹீட்டருக்கு எதிர்ல தொடாம நிக்கிற சுவர விட்டுட்டோம்டி."

ஓடினோம். ஹீட்டர், சுவர், மெத்தை என்று எந்தப் பரப்பு எதைப் பார்த்து நிற்கிறது என ஒவ்வொன்றாகக் குறித்து, அவற்றுக்கிடையே வெப்பம் பாயும்படி அமைத்தாய். மறுபடி ஓட்டிப் பார்த்தால் சுவரோரம் முழுக்கச் சிவந்து கிடந்தது. குழந்தையின் கை படும் இடம்.

விஷயத்தைச் சொன்னதும் போனில் கம்பெனி மேனேஜர் கத்தினார். "நாளைக்கு டெலிவரிம்மா! மொதல்ல வந்த கணக்கையே சரின்னு எழுதிக் குடுங்க."

"கொழந்தத் தோலு சார், வெந்துடும். நான் எழுத மாட்டேன். வேணும்னா வேற ஆளப் பாத்துக்குங்க."

அந்தக் கம்பெனியை விட்டால் நமக்கு வேறு கதியில்லை என்று உனக்கும் தெரியும். ஆனாலும் உன் குரல் உயரவுமில்லை, நடுங்கவுமில்லை. அடேயப்பா, என்ன நெஞ்சழுத்தம் உனக்கு! மனிதர் பட்டென்று போனை வைத்தார். சில நாள் கழித்து, சுவரை மாற்றிய வரைபடத்தை அவரே அனுப்பினார். நீ 'பாத்தியா' என்றுகூடச் சொல்லிக்காட்டவில்லை, உடனே கணக்கில் உட்கார்ந்துவிட்டாய்.

நீ கண்ணை மூடிய அடுத்த வருஷம் எனக்குக் குறைமாதத்தில் பெண் பிறந்தாள். ஆஸ்பத்திரியில் அப்படியொரு படுக்கையில்தான் கிடத்தினார்கள். நம்முடையதா, வேறா, தெரியாது. என் உள்ளங்கைக்குள் அடங்குகிற தலை அவளுக்கு. கையை விரித்துச் சுவரில் வைத்தாள். நானும் என் புறங்கையை அங்கே வைத்தேன். வெதுவெதுப்புதான்.

"இன்னாம்மா பண்ற? கைய எடு" என்றார் நர்ஸ்.

"ஒரு நிமிஷம் சிஸ்டர்" என்றேன். எடுக்க மனசே வரவில்லையடி. அவளை உன்னிடம் காட்ட முடியவில்லையே என்று அங்கேயே நின்று அழுதேன். அந்த வெதுவெதுப்பு, இன்று பொத்தானை அழுத்தாமல் நின்ற இந்தக் கையில் இன்னும் இருக்கிறது.