பாசி நாளில் போட்ட கூட்டம்

அக்கா,

இன்று காரங்காடு கிராமத்துக்குக் கிளம்பும்போது அளக்கும் டேப்பை எடுத்தேன். உறைக்குள்ளிருந்து உங்கள் நீலத் துணிக் கிழிசல் விழுந்தது. பாறை கிழிக்காமலிருக்க விரல்களில் சுற்றிக்கொண்டு கடல்பாசி எடுக்கப் போவீர்களே, அந்தத் துணி. இன்னும் கடல் வாசம் போகவில்லை.

உப்புத் தண்ணீரைக் குடிநீராக்க ஒரு சின்ன நிலையம், அதை ஓட்ட சோலார் தகடுகள். சில வருடங்களுக்கு முன் இந்தத் திட்டத்தோடுதான் உங்கள் ஊருக்கு வந்தேன். கூட்டம் போட்டேன். ஆண்கள் வந்தார்கள், தலையாட்டினார்கள், கையெழுத்தும் போட்டார்கள். ஊரே சம்மதம் என்று எழுதிக்கொண்டு, தகடுகள் நிற்கும் இடத்துக்குக் கரையோர மணலில் சுண்ணாம்புக் கோடு போட்டேன். பெரிய சாதனை செய்துவிட்டதாக எனக்கு ஒரு நினைப்பு.

பிற்பகலில் ஈரம் சொட்டக் கரையேறிய நீங்கள், அந்தக் கோட்டின் மேலேயே பாசி மூட்டையை இறக்கினீர்கள்.

"அமாவாசை கழிஞ்சு நாங்க பாசிக்குப் போற நாள்ல கூட்டம் போட்டா எப்படி சார் வாரது? காலண்டரெல்லாம் பாக்க மாட்டீகளா?"

நீங்கள் பாசி காயவைக்கும் மணல் அது. அங்கே தகடு நின்றால் உங்களுக்கு வேறு இடமே இல்லை. "அப்போ தண்ணி வேண்டாமா?" என்றேன், கொஞ்சம் எரிச்சலாகவே.

"யாரு வேண்டாம்னது? குடம் தூக்குறது நாங்கதான். தண்ணியும் வேணும், மணலும் வேணும்."

அடுத்த கூட்டத்தை நீங்கள் சொன்ன நாளில், அந்த மணலிலேயே வைத்தோம். பாசிக்குப் போகும் பெண்கள் எல்லோரும் விரல் துணிகளைக் குச்சிகளில் கட்டி, அவரவர் காயவைக்கும் இடத்தில் நட்டீர்கள். எனக்கு மிஞ்சியது நாலு முழம். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். அளந்து முடித்தபோது உங்கள் துணி என் டேப் உறைக்குள்ளேயே தங்கிவிட்டது. கடைசியில் வலைக் கொட்டகையின் கூரையைப் பலப்படுத்தித் தகடுகளை மேலே ஏற்றினோம். முதல் குடம் உங்களுடையது. ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "பரவால்ல சார், படிச்சது வீண்போகல" என்றீர்கள். அதைவிடப் பெரிய பாராட்டு எனக்கு இதுவரை கிடைக்கவில்லை.

நோய் உங்களைக் கொண்டுபோய் ஒரு வருடம் ஆகிறது. அதே குழாயில் இப்போது உங்கள் மகள் தண்ணீர் பிடிக்கிறாள். பாசி அதே மணலில் காய்கிறது. பார்க்க நிறைவாக இருக்கிறது அக்கா, நீங்கள் இல்லாத குறை ஒன்றுதான்.

காரங்காட்டிலும் இப்போது ஒரு சோலார் திட்டம். போன வாரம் அங்கிருந்து ஒரு பெண் போனில், "கூட்டம் என்னைக்கு சார்?" என்றாள். நான் தேதி சொல்லவில்லை. "உங்களுக்கு எந்த நாள் தோதுப்படும்?" என்று கேட்டேன்.

"இதுவரைக்கும் யாரும் இப்படிக் கேட்டதில்ல சார்."

அவள் சொன்ன நாள் இன்றுதான். உங்கள் துணி என் சட்டைப் பையில் இருக்கிறது. பஸ் வந்துவிட்டது, போய்வருகிறேன்.