தவசு காலத்தில் வந்த காபி உருளை

1971 பிப்ரவரி 24, புதன்

விபூதிப் புதன். காலையில் நல்ல பனி. ஸ்டேஷன் பக்கம் ஒன்றும் தெரியவில்லை, ரயில் சத்தம் மட்டும். பூசை முடிந்து நெற்றியில் சாம்பலோடு நேரே ஸ்கூல். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பாடத்தைக் கவனிக்கவில்லை, என் நெற்றியைத்தான் கவனித்தார்கள்.

இன்றிலிருந்து நாற்பது நாள் நோன்பு. எங்களுக்குத் தவசு காலம், இவருக்கு லெந்து. என் கோயில் வேறு, இவர் சர்ச் வேறு என்றாலும் பட்டினி ஒன்றுதான். இந்த வருஷம் எதை விடுவது என்று பேச்சு வந்தது. கறி, மீன் என்றேன். மாசக் கடைசியில் அது தானாகவே விட்டுப்போகிற சமாச்சாரம், அதில் என்ன தியாகம் என்று சிரித்தார். அப்படியானால் காபி என்றேன், ரோஷத்தில். உடனே சரி என்றுவிட்டார். ஈஸ்டர் வரைக்கும் இரண்டு பேருக்கும் காபி கிடையாது. வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

மத்தியானமே தலைவலி.

பிப்ரவரி 27, சனி

வெயில் ஏறிவிட்டது. துவைத்தது: பெட்ஷீட் இரண்டு, இவர் ஆபீஸ் சட்டை நாலு. ரேஷனில் மண்ணெண்ணெய் வரவில்லை.

சாயங்காலம் இவர் ஷூவைக் கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். "அக்கா வராங்களாம். ஈஸ்டருக்கு."

பாளையங்கோட்டையில் இருக்கிற இவர் அக்கா, எனக்கு அண்ணி முறை. அம்மா போன பிறகு இவரை வளர்த்துப் படிக்கவைத்தவர்கள். தனக்கென்று கல்யாணம்கூடச் செய்துகொள்ளவில்லை. நான் கத்தோலிக்கப் பெண். கல்யாணத்துக்கு அப்புறமும் என் கோயிலை விடமாட்டேன் என்று சொன்னேன். அதிலிருந்து பதினோரு வருஷக் கோபம். தம்பியிடம் பேச்சு உண்டு, லீவுக்கு இவர் மட்டும் போய் வருவார். இந்த வீட்டு வாசலை அவர்கள் மிதித்ததில்லை. என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்போது மெட்ராசில் ஏதோ டீச்சர்கள் கூட்டமாம், அதற்கு முன்னால் இரண்டு நாள் இங்கே.

எனக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. சந்தோஷமா பயமா, தெரியவில்லை. இந்தத் தடவை சரியாகவில்லை என்றால் இனி எப்போதும் ஆகாது. அது மட்டும் தெரிகிறது.

இவருக்கு வேறு கவலை. அக்கா கடைப்பொடியைத் தொடமாட்டார்களாம். பச்சைக் கொட்டை வாங்கி வீட்டிலேயே வறுத்து அரைத்த காபிதானாம். அது இல்லாத வீட்டில் வெந்நீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுவார்களாம். அதனால் வறுக்கிற மிஷின் ஒன்று வாங்கியாகவேண்டும் என்கிறார். காபியை விட்ட வாரத்தில் காபி மிஷின் தேடுகிற வீடு தாம்பரத்திலேயே எங்கள் வீடாகத்தான் இருக்கும்.

மார்ச் 6, சனி

தேர்தல் லாரிகளின் கூச்சல். காது கிழிகிறது.

மிஷின் பார்க்க அஸ்தினாபுரம் போனோம். இவர் ஆபீஸ் நண்பரின் மச்சான் ரேடியோ ரிப்பேர் செய்கிறவர். டேபிள் ஃபேன் மோட்டாரை வைத்து, கரண்டிலேயே சூடாகி, தானே சுற்றுகிற மிஷின் ஒன்று செய்து வைத்திருக்கிறார். இவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார், பெண் பார்க்க வந்தபோதுகூட என்னை இப்படிப் பார்க்கவில்லை. சுவிட்சைப் போட்டார்கள். உருளை அழகாகத்தான் சுற்றியது. கொட்டை கொஞ்சம் மஞ்சளாகிற நேரத்தில் டப்பென்று ஒரு சத்தம். அவர்கள் வீட்டு ஃபேன், பக்கத்து வீட்டு ஃபேன், எதிர் வீட்டு ரேடியோ எல்லாம் நின்றுபோயின.

அந்த மனுஷர் அசரவில்லை. வோல்டேஜ் கொஞ்சம் வீக், மற்றபடி மிஷினில் குறையே கிடையாது என்றார். இவரும் தலையை ஆட்டினார்.

பஸ்ஸில் வாக்குவாதம்.
இவர் கேட்பது: மோட்டார், கரண்டு, சுவிட்ச்.
நான் கேட்பது: கரி அடுப்பு, கைப்பிடி, தெருவோடு சண்டை வராமல் இருப்பது.

தாம்பரம் வரும்வரை பேசவில்லை. அங்கே ஒரு வெள்ளரிப்பிஞ்சு வாங்கி நீட்டினார். சமாதானம்.

மார்ச் 9, செவ்வாய்

வந்துவிட்டது. பாரிஸ் கார்னர் பக்கம் இரும்புக் கடையில் வாங்கி, பேப்பரில் சுற்றி, கூட்டமான ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். மத்தளமா என்று கேட்டார்களாம்.

இரும்புத் தகட்டில் செய்த உருளை. குட்டித் தலையணை நீளம். பக்கவாட்டில் கொட்டை போட ஒரு சின்னக் கதவு. ஒரு முனையில் கைப்பிடி. அடுப்புக்கு மேல் தாங்க இரண்டு கால். கதவைச் சாத்தினால் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க வழியில்லை. மணம், புகை, சத்தம், இந்த மூன்றை நம்பித்தான் வறுக்கவேண்டும்.

பச்சைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கி அலமாரியில் வைத்தார். பார்க்கப் பாவமாகவும் ஆசையாகவும் இருந்தது.

மார்ச் 13, சனி

முதல் வறுப்பு. பின்கட்டில். நான் விசிற, இவர் சுற்ற.

முதலில் பச்சைப் புல் வாசனை. அப்புறம் ரொட்டி வாசனை. அப்புறம் ஒரே புகை. கண்ணைத் திறக்க முடியவில்லை. கொட்டைத் தோல் பறந்து இவர் தலையெல்லாம் தவிடு. உள்ளே படபடவென்று வெடிக்க ஆரம்பித்ததும் பயந்துபோய் இறக்கிவிட்டோம். பாதி கறுப்பு, பாதி பச்சை.

பக்கத்து வீட்டு கன்னியம்மா அக்கா சுவருக்கு மேல் தலையை நீட்டினார். இந்தத் தெருவே ஒரு காலத்தில் அவர்கள் வீட்டுக் கத்திரித் தோட்டம். அதனால் தெருவில் எது நடந்தாலும் விசாரிக்கிற உரிமை அவருக்கு உண்டு. "இன்னா டீச்சர், வூட்ல தீ கீது புட்ச்சிகிச்சா? பொகை எங்க வூடு வரிக்கும் வந்துகினு கீது."

எதிர் வீட்டு சாரும் வந்தார். அவர் போவதும் இவர் சர்ச்சுக்குத்தான். லெந்துக்கு அவரும் காபியை விட்டிருக்கிறாராம், பாவம். காற்று மேற்கே அடிக்கிற நேரமாகப் பார்த்து வறுக்க முடியுமா என்று மிகவும் தணிந்த குரலில் கேட்டார். சாயங்காலம் அவரை ஸ்டேஷன் ஓட்டலில் டம்ளரும் கையுமாகப் பார்த்ததாக இவர் சொன்னார். அந்தப் பாவம் யார் கணக்கில் சேரும் என்று இருவரும் யோசித்தோம்.

மார்ச் 20, சனி

ஸ்கூலில் பரீட்சைப் பேப்பர். முதுகு வலி.

இரண்டாவது, மூன்றாவது வறுப்பு. இப்போது நிறம் ஒரே மாதிரி வருகிறது. ருசி எப்படி என்றுதான் தெரியவில்லை. நாங்கள் குடிக்கக்கூடாதே. கன்னியம்மா அக்காவை ருசி பார்க்க வைத்தாயிற்று. ஒவ்வொரு வறுப்புக்கும் ஒரு செம்பு டிகாஷன் சுவருக்கு மேல் போகும். காலிச் செம்பு திரும்பி வரும், கூடவே "ஷோக்கா கீது டீச்சர்" என்று ஒரு சர்டிபிகேட். இவருக்குத் தலைகால் புரியவில்லை. அக்கா வரட்டும், பார்த்து அசந்துபோகட்டும் என்கிறார்.

எனக்கும் ஆசை துளிர்க்கிறது. அவர்கள் ஒரு வாய் குடித்து, நல்லாயிருக்கு என்று சொன்னால் போதும். அதற்கு மேல் நான் எதுவும் கேட்கமாட்டேன்.

ஏப்ரல் 4, ஞாயிறு

குருத்து ஞாயிறு. வெயில் இப்போதே சுடுகிறது. குருத்தோலையோடு செருப்பில்லாமல் நடந்ததில் காலில் கொப்புளம்.

செம்பை வாங்க கன்னியம்மா அக்கா வீட்டுக்குள் போனேன். அடுப்பங்கரையில் என் டிகாஷனில் சர்க்கரை போட்டுக்கொண்டிருந்தார். போட்டார், போட்டார், போட்டுக்கொண்டே இருந்தார். பாயசம்கூட அவ்வளவு இனிப்பு தாங்காது. கேட்டதும் வெட்கப்பட்டார். "நமுக்கு டீதான் டீச்சர். காபி புட்க்காது. நீ ஆசையா குடுக்கிறே, எப்டி வாணாம்னு சொல்றது?"

கோபம் வரவில்லை, அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அப்படியானால் இத்தனை நாள் வறுத்தது என்ன ருசி?

வீட்டுக்கு வந்து ஒரு டம்ளர் கலந்தேன். தவசு காலத்தில் ஞாயிற்றுக்கிழமை சேர்த்தியில்லை, எங்கள் அப்பா வீட்டில் ஞாயிறு மட்டும் குடிப்போம் என்றேன். பொருத்தனை என்று நேர்ந்துகொண்டால் பொருத்தனைதான், அதில் ஞாயிறு திங்கள் கிடையாது என்றார் இவர். கால் மணி நேரம் வேதவிசாரம். கடைசியில் நான் குடித்தேன். இவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கரி. சுத்தக் கரி. நாக்கில் அடுப்புச் சாம்பல்.

டம்ளரை வாங்கி முகர்ந்து பார்த்தார். ஒரு வாய் குடிக்கவில்லை. அந்தப் பிடிவாதத்தைப் பார்த்துத்தானே இந்த மனுஷரைக் கட்டிக்கொண்டேன்.

நேரம் கழித்து இறக்கியிருக்கிறோம், அதுதான் தப்பு. முன்னாடியே வறுத்து வைத்தால் மணம் போய்விடும், எனவே வியாழக்கிழமை ஒரே ஒரு தடவை, ஒழுங்காக.

ஏப்ரல் 8, வியாழன்

பெரிய வியாழன். ஸ்கூல் அரை நாள்.

சாயங்காலம் நான் ஒருத்தியாகவே வறுத்தேன். வெடிச் சத்தம் ஆரம்பித்து, சற்று அடங்கி, மணம் மாறிய கணத்தில் இறக்கினேன். அவ்வளவு சரியான நேரம். மனசுக்கே தெரிந்தது. அப்போது பார்த்துக் கோயில் மணி. பாதம் கழுவுகிற பூசைக்கு நேரமாகிவிட்டது. புடவையை மாற்றிக்கொண்டு ஓடினேன்.

கொட்டையை முறத்தில் கொட்டி ஆற்றவில்லை. உருளைக்குள்ளேயே, கதவும் சாத்தியபடி. பாதிப் பூசையில் ஞாபகம் வந்தது. எழுந்து வர முடியுமா? சாமியார் பாதம் கழுவிக்கொண்டிருக்கிறார், நான் காபிக்கொட்டையை நினைத்து அழுகிறேன்.

வந்து பார்த்தால் இரும்புச் சூட்டில் இன்னும் அதிகமாகக் கறுத்துவிட்டது. போன தடவை அளவு கரியில்லை. ஆனாலும் தீய்ந்ததுதான். பச்சைக் கொட்டை இன்னும் கொஞ்சம் இருக்கிறது, ஆனால் நாளைக்குப் பெரிய வெள்ளி, வறுக்க முடியாது. சனிக்கிழமை விடிந்தால் அவர்கள் வந்துவிடுவார்கள், வந்தவர்களைப் புகையில் உட்காரவைக்க மனசில்லை.

இவர் ஒன்றும் திட்டவில்லை. அதுதான் இன்னும் கஷ்டம்.

ஏப்ரல் 9, வெள்ளி

பெரிய வெள்ளி. கஞ்சி மட்டும். கோயிலில் மூன்று மணி நேரம்.

ஏப்ரல் 10, சனி

அண்ணி வந்தார்கள். தாம்பரத்திலேயே இறங்கிக்கொண்டார்கள். மெலிந்த உருவம், வெள்ளைப் புடவை, கையில் ஒரே ஒரு தோல் பை. அவர்களுக்கும் லெந்து, காபி நாளைக்குத்தான் என்றார்கள்.

மிகவும் மரியாதை. உட்காருங்கள் என்றால் "பரவாயில்லைங்க". சாதம் போட்டால் "போதுங்க, ரொம்ப நன்றி". தண்ணீர் கொடுத்தாலும் நன்றி. பதினோரு வருஷம் பேசாததைவிட இந்த நன்றிகள் வலிக்கின்றன. ரயிலில் எதிர் சீட்டில் இருப்பவளிடம் பேசுகிற மாதிரி. என் மாதா படத்தைப் பார்த்தார்கள், பார்வையை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்கள்.

இவர் மார்க்கெட்டுக்குப் போய் நல்ல கடைப்பொடி ஒரு பொட்டலம் வாங்கி வந்தார். அடுப்பங்கரையில் என் காதருகே: "டப்பாவை மாத்திடலாம்மா. தெரியவா போகுது?" இவருக்கே நம்பிக்கையில்லாத குரல். பார்க்கலாம் என்றேன்.

ஏப்ரல் 11, ஞாயிறு

ஈஸ்டர். விடியற்காலை அண்ணியும் இவரும் அவர்கள் சர்ச்சுக்கு, நான் முதல் பூசைக்கு. நான்தான் முதலில் வீடு வந்தேன். அலமாரியில் இரண்டு டப்பா. கடைப்பொடி. என் பொடி. முதலில் கடைப்பொடியைத்தான் எடுத்தேன். வைத்துவிட்டேன். பொய்யான காபிக்கு நல்லாயிருக்கு என்று சொன்னால் அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? என் பொடியையே ஃபில்டரில் போட்டேன்.

நுரை வர ஆற்றிக் கொடுத்தேன். அண்ணி ஒரு வாய் குடித்தார்கள். டம்ளரைக் கீழே வைத்தார்கள்.

"இத வறுத்தது யாரு?"

"நாந்தான் அண்ணி."

"அடுப்புலருந்து எறக்கி உருளைக்குள்ளயே போட்டு வச்சியாக்கும்? தீஞ்ச வாட மூக்கத் தொளைக்கி. மொறத்துல கொட்டி ஆத்தணும்னு ஒனக்குத் தெரியாதா? இத்தன வயசாச்சு."

இவர் டம்ளர் பாதி வழியில் நின்றது. எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ. "நாப்பது நாள் ஒரு வாய் குடிக்காம நீங்க வறுத்துப் பாருங்க அண்ணி. அப்புறம் சொல்லுங்க."

சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டேன். எல்லாம் போச்சு என்று நினைத்தேன். ஆனால் அழுகை வந்தது வேறு காரணத்துக்கு. அவர்கள் என்னைத் திட்டினார்கள். நன்றி சொல்லவில்லை, திட்டினார்கள், சொந்தக்காரியைத் திட்டுகிற மாதிரி.

அண்ணி பின்னாலேயே வந்தார்கள். டம்ளர் காலி. முழுவதும் குடித்திருந்தார்கள். "பச்சக் கொட்ட மிச்சம் இருக்கா?" என்று மட்டும் கேட்டார்கள்.

மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் பின்கட்டில் கரி அடுப்பு. அண்ணி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு உருளையைச் சுற்ற, நான் விசிறினேன். அவர்கள் ஊரில் வாணலியில் கண்ணால் பார்த்து வறுத்துப் பழக்கம். இந்த மூடின உருளை அவர்களுக்கும் பிடிபடவில்லை. வெடிக்க ஆரம்பித்ததும் இறக்கணும் என்றார்கள். இல்லை அண்ணி, இன்னும் பொறுக்கணும் என்றேன். கரியாக்கினவளுக்குப் பேச்சைப் பார் என்றார்கள். சத்தத்தை வைத்துத்தான் சொல்கிறேன், காதைக் கொடுத்துக் கேளுங்கள் என்றேன். இரண்டு பேருக்கும் கண்ணில் தண்ணீர், புகையில். சுவருக்கு அந்தப் பக்கம் கன்னியம்மா அக்கா யாரிடமோ என்ன சண்டை அங்கே என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

இவர் எட்டிப் பார்த்தார். சண்டை வேண்டாம், வேண்டுமானால் நான் சுற்றுகிறேன் என்று கையை நீட்டினார்.

அண்ணி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நீ போயி பேப்பரப் படி. இத நாங்க ரெண்டு பேரும் பாத்துக்கிடுதோம்."