இடம் போதாதாம்

நவம்பர் 12, புதன்

மூன்றாவது நாளாக மழை. எதிரே வரும் பஸ்கூடத் தெரியாத மூட்டம். கொடியில் உலராத சேலைகள். ஏழாம் வகுப்புக் கொப்பிகள் பாதி திருத்தி முடிந்தன.

மாலை சபைக் கமிட்டி. தேயிலைத் தோட்டத்து அருளப்பனின் மனைவி ஞானம்மா நேற்றுக் காலமானாள். நெஞ்சுச் சளி. தோட்டத்து மயானம் போன மாத மண்சரிவோடு போய்விட்டது. கோயிலுக்குப் பின்னால் இருக்கும் கல்லறை நிலத்தில் இடம் கேட்டு அருளப்பனும் மகள் மேரியும் வந்திருந்தார்கள்.

பாஸ்டரும் கமிட்டியில் பாதிப்பேரும் சிங்களவர். பதினோரு வருடமாகப் பிரசங்கத்தைத் தமிழில் சொல்பவள் நான். கமிட்டியிலும் அதே வேலை.

கமிட்டியில் பெரியவர் சிறில் மாத்தயா சிங்களத்தில் சொன்னார்: ஒருத்திக்குக் கொடுத்தால் தோட்டமே இங்கே வரும், அந்த ஆட்கள் செத்த பிறகாவது அவர்கள் இடத்தில் கிடக்கட்டும். பாஸ்டர் மேசையையே பார்த்தார். பிறகு என்னை.

நான் தமிழில் சொன்னது: "இடம் போதாதாம்."

"சரிங்க டீச்சர்." அருளப்பன் குடையை எடுத்துக்கொண்டு வெளியேறினார்.

எனக்குப் பிரஷர் ஏறிய அன்று பதுளை ஆஸ்பத்திரிக்குத் தம் வேனில் கொண்டுபோனவர் இதே சிறில் மாத்தயா. அதுதான் புரியவில்லை.

13, வியாழன்

அடக்கம். எட்டாம் நம்பர் மலை ஓரம், தேயிலைக்கு மேலே. குழியில் தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது. வாளியால் இறைத்தார்கள். பெட்டியை இறக்கும்போது மறுபடியும் தண்ணீர்.

திரும்பும் வழியில் மேரி கூடவே நடந்தாள். ஆறு வருடம் கொழும்பில் ஒரு சிங்கள வீட்டில் வேலை செய்தவள். அது என் நினைவிலேயே இல்லை.

"எனக்குச் சிங்களம் தெரியும் டீச்சர். அவரு சொன்னது அது இல்லையே."

அப்பா மனசு நோகக்கூடாதே என்றுதான், என்றேன்.

"அப்பாவுக்கும் வெளங்கும். நீங்க சொல்றீங்களான்னுதான் பாத்துக்கிட்டு இருந்தாரு."

14, வெள்ளி

இரண்டு பாடம் விட்டுவிட்டேன். தலைவலி என்று சொல்லி.

இத்தனை வருடத்தில் நான் மாற்றிச் சொன்னவை, ஞாபகம் வருமட்டும்:
- சிங்களவர் சொன்னது: "தோட்டத்துப் பிள்ளைகள் தொட்டால் ஓர்கன் நாசம்." நான் சொன்னது: ஓர்கன் பழுதாம், வாசிக்க முடியாதாம்.
- நம்மவர் சொன்னது: "சிங்களவன் பக்கத்துல கண்ண மூடி ஜெபிக்க முடியுமா?" நான் சொன்னது: தனியாக ஜெபிக்க விரும்புகிறார்கள்.
- இன்னும் பல.

சமாதானம் உண்டாக்குகிறவள் என்று என்னைப் பற்றி எண்ணம். சமாதானமா அது. புண்ணுக்கு மேல் துணி.

என் மகள் ஒரு சிங்களப் பையனைப் பற்றிச் சொன்னபோது நான் பேசிய பேச்சு. அதை இங்கேகூட எழுத முடியவில்லை.

16, ஞாயிறு

பிரசங்கம்: இரண்டு ஜனத்துக்கும் நடுவே இருந்த சுவரைக் கிறிஸ்து தம் உடம்பால் இடித்தது பற்றி. பாதியில் என் வாய் நின்றுவிட்டது. பாஸ்டர் காத்திருந்தார். கமிட்டியில் சொல்லப்பட்டதையும் நான் சொன்னதையும் இரண்டு மொழியிலும் சொன்னேன். மகளிடம் பேசியதையும்.

யாரும் அழவில்லை, எழுந்து கட்டிக்கொள்ளவில்லை. சிறில் மாத்தயா மனைவியுடன் வெளியே போனார். வாசலில் தோட்டத்துப் பெண்களுக்கும் கோபம்: ஆறிக்கிட்டு இருந்தத ஏன் கிளறினீங்க டீச்சர்?

18, செவ்வாய்

வெலிமடை பஸ் ஓடவில்லை. காய் வரவில்லை, லீக்ஸ்கூட இல்லை, வெறும் பருப்பு.

சிறில் மாத்தயா வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை. தமிழர் எங்களைப் பற்றிச் சொன்னதையும் இப்படித்தான் மாற்றினாயா என்று கேட்டார். ஆமாம் என்றேன். சொல்லச் சொன்னார். சொன்னேன். முகம் கறுத்துவிட்டது. போகும்போது, மன்னிப்புக் கேட்கத் தமிழில் எப்படிச் சொல்வது என்றார்.

20, வியாழன்

அருளப்பனின் லயத்து வீட்டுக்கு இருவரும் போனோம். மாத்தயா தானே சொன்னார், திக்கித் திக்கி: "மன்னிச்சிருங்க."

அருளப்பன் முகம் கொடுக்காமலே சொன்னார். "எங்கிட்ட என்னத்துக்கு? அவகிட்ட கேக்கணும். அவ அங்க தண்ணியில கெடக்குறா."

மாத்தயா என்னைப் பார்த்தார். அப்படியே சிங்களத்தில் சொன்னேன். வேனில் திரும்பினோம். பெரகல சந்தியில், சனிக்கிழமை கமிட்டியில் நானே கேட்கிறேன் என்றார்.

22, சனி

கேட்டார். கல்லறை நிலம் சபையார் எல்லாருக்கும் என்று. ஆதரவு நான்கு. எதிர்ப்பு ஐந்து.

ஐந்தாவதாக உயர்ந்த கை நம்மவர் ஒருவருடையது. டவுனில் கடை வைத்திருக்கிறார். அப்பா காலத்துப் பழக்கம். என் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னார்: "தோட்டத்து ஆளுங்க வேற, நாம வேற. ஒங்களுக்குத் தெரியாததா டீச்சர்."

என் தாத்தாவும் லயத்தில் பிறந்தவர்தான். கடைக்காரருக்கு அது தெரியாது. நான் சொன்னதும் இல்லை.

நாளை ஆராதனை முடிந்து அருளப்பனிடம் போக வேண்டும். ஐந்துக்கு நான்கு என்று சொல்ல. ஐந்தாவது யார் என்றும்.