தெலுங்கில் கேட்ட தண்ணீர்

14 ஜூன் 2005, செவ்வாய்

மூன்றரை வயதாகியும் மகள் பேசாததால் இன்று பெங்களூருக்கு ஸ்பீச் தெரபிக்குக் கூட்டிப்போனோம். நான் தெலுங்கு பேசுவதுதான் காரணம் என்று என் வீட்டுக்காரர் அங்கேயே குற்றம் சொன்னார்.

"ரெண்டு பாஷையால பேச்சு நிக்காதுங்க. வாராவாரம் வாங்க. வீட்ல ரெண்டு பேருமே அவகூடப் பேசுங்க," என்றார் தெரபி பார்க்கும் அம்மா.

ஓசூர் திரும்பும்வரை இவர் முகத்தைத் திருப்பியே உட்கார்ந்திருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் குழந்தை குடத்தைக் காட்டி, "நீளு" என்றாள். என் பாஷையில் தண்ணீர் கேட்டாள். அதுதான் அவளுடைய முதல் சொல். இவர் டம்ளரில் தண்ணீர் மொண்டு உயரத் தூக்கிக்கொண்டார்.

"தண்ணின்னு சொல்லு. அப்பத்தான் தருவேன்."

அவள் அழுது விக்கினாள். டம்ளரைப் பிடுங்கி நானே குடிக்கக் கொடுத்தேன்.

"உங்க ஊட்டுப் புத்தி," என்றார்.

"ஆமா," என்றேன்.

இந்த மனிதரை மன்னிக்க மாட்டேன். அடுத்த செவ்வாய் தெரபிக்கு நானும் மகளும் மட்டும் போவோம். தூங்கும்வரை குழந்தை மறுபடி எந்தப் பாஷையிலும் எதுவுமே கேட்கவில்லை.