அப்பா செலவழிக்காத புதுக் காசு

கோச்கோர்
பிப்ரவரி 2008

என் செல்லம் எர்மெக்குக்கு அம்மா எழுதுவது. குதிரை, பசு, ஆடு எல்லாம் சேர்த்து இங்கே நாங்கள் நலம். கசானில் நீயும் என் மருமகள் அல்ஸுவும் நலமா? குல்லா போடாமல் வெளியே போகாதே. பசு கன்று போட்டிருக்கிறது, குபாத் அண்ணனுக்கு முதுகுவலி. எங்களை ஒரு வார்த்தை கேட்காமல் அங்கேயே கல்யாணத்தை முடித்துக்கொண்டாயே, அந்தக் கோபத்தில் அல்ஸு பெயரை எடுத்தாலே அப்பா தேநீர்க் கிண்ணத்தோடு எழுந்து தொழுவத்துக்குப் போய்விடுவார். வீட்டுக்கு வரலாமா என்று நீ போனில் கேட்டபோது பால் பொங்குகிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

இதற்கிடையில் ஊருக்குப் புதுக் காசு வந்திருக்கிறது. நம் நாட்டுப் பணமாகச் சோம் வந்த நாளிலிருந்து காகித நோட்டையே கசக்கிக்கொண்டிருந்தோம், இப்போதுதான் கையில் கனமாக ஒன்று, அதிலும் மூன்று சோமுக்குத் தனிக் காசு! அப்பா நோட்டைக் கொடுத்துக் கடைகடையாகக் காசாக மாற்றி வருகிறார், உப்பு வாங்கக்கூட ஒன்று தருவதில்லை.

குபாத் கல்யாணத்தின்போது நீ சின்னப் பையன். சோம் பிறந்த வருஷம் அது. வாசலுக்கு வரும் மணப்பெண் தலையில் மிட்டாயும் காசும் இறைக்க வேண்டும், எல்லார் வீட்டிலும் பழைய சோவியத் காசு கிடந்தது. அப்பா, "செத்துப்போன நாட்டுக் காசு என் மருமக தலையில விழக் கூடாது" என்று புத்தம்புது காகிதச் சில்லறையை வாரி இறைத்தார். நம் ஊர்க் காற்று சும்மா விடுமா? அண்ணி தலையில் ஒன்றுகூட விழவில்லை. பக்கத்து வீட்டு சாபிர் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "தோக்தோசுன், உன் நாடு இப்ப எங்க ஆட்டு வயித்துல இருக்குய்யா" என்று கத்தினார். அதோடு சரி, எந்தக் கல்யாணத்திலும் அப்பா இறைக்கக் கை நீட்டவில்லை.

நேற்று நான் விடவில்லை, இத்தனை காசும் யாருக்கு என்று பிடித்துக்கொண்டேன். அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "இந்த வாசலை மிதிக்காத மருமக ஒருத்தி இருக்காள்ல? வரச்சொல்லி எழுது கெழவி" என்றார். நான் அழுதேவிட்டேன், அதற்கும் திட்டு வாங்கினேன்.

பனி உருகிக் கணவாய்ப் பாதை திறந்ததும் அவளைக் கூட்டிக்கொண்டு வா. தயிரைக் காயவைத்துக் குருத் உருண்டை பிடித்து அனுப்பியிருக்கிறேன், அவளுக்கும் கொடு, நீயே தின்றுவிடாதே. உங்கள் அடுப்பு அணையாதிருக்கட்டும், வீடு பிள்ளைகளால் நிறையட்டும். அல்ஸுவிடம் மறக்காமல் சொல், தலைக்குக் கெட்டியான துணியாகக் கட்டிக்கொள்ளட்டும். அப்பா ஆசையோடு எறியப்போகிறார், வலிக்கும்.

உன் அம்மா
பூருல்