எங்கள் குட்டையில் வாழ்பவர்

ஜூலை 3
ஆறாம் வகுப்பை மைதானத்துக்குப் பின்னால் இருக்கும் குட்டைக்குக் கூட்டிப்போனேன். வாயாடி (பள்ளியில் எல்லோருக்கும் அவள் வாயாடிதான்) தண்ணீரில் விரலை விடவே மாட்டேன் என்று அடம்பிடித்தாள். மணி அடித்தபோது முழங்கை வரை நனைந்திருந்தாள். "தலைப்பிரட்டை என் விரலைக் கடிக்குது மிஸ்! ஆனா வலிக்கல!"

இந்த வேலைக்கு வந்ததே இதற்காகத்தான்.

ஜூலை 8
பூதக்கண்ணாடியில் பார்த்ததை வரையச் சொன்னேன். வாயாடிக்குக் கொசுப்புழுதான் பிடித்திருந்தது. தலைகீழாகத் தொங்குகிறது, நெளிந்து நெளிந்து ஓடுகிறது. அதற்கு முன்னால் தலைப்பிரட்டை எம்மாத்திரம்? முதலை அளவுக்கு வரைந்து, 'எங்கள் குட்டையில் வாழ்பவர்' என்று கீழே எழுதினாள். ஒரு முடிகூட விட்டுப்போகவில்லை! பெருமை தாங்காமல் பள்ளி வாசலிலேயே மாட்டினேன்.

ஜூலை 11
பெற்றோர் கூட்டம். வாயாடியின் அம்மா படத்தின் முன்னால் நின்றுவிட்டார். ரசிக்கிறார் என்று நினைத்து நானும் பல்லைக் காட்டிக்கொண்டு பக்கத்தில் போய் நின்றேன்.

"இது கொசுப்புழுவா? இதுலயா மிஸ் பிள்ளைங்களைக் கை விடச் சொல்றீங்க?"

குட்டையில் மீன் இருக்கிறது, தும்பியின் இளம்புழு இருக்கிறது, அவை கொசுப்புழுவைத் தின்றுவிடும் என்றேன்.

"எல்லாத்தையுமா?"

அதற்குள் பின்னால் நாலு பேர் சேர்ந்துவிட்டார்கள்.

ஜூலை 14
தலைமையாசிரியை கூப்பிட்டார். "மண்ணடிச்சு மூடிடறதா முடிவாயிடுச்சு. கார் நிறுத்தவும் இடமாச்சு." இன்னும் கொஞ்சம் மீன் விடலாமே, வேலி போடலாமே என்று கெஞ்சினேன். "நாளைக்கு ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் வந்தா நீங்களா பதில் சொல்வீங்க?"

தலையாட்டிவிட்டு வந்தேன். சே.

ஜூலை 15
வீட்டில் இவரிடம் புலம்பினேன். "அந்தப் படத்தை உள்ளயே மாட்டியிருக்கலாம்ல?"

எனக்குத் தெரியாதாக்கும்! சாப்பிடாமல் படுத்துவிட்டேன்.

ஜூலை 17
மண் லாரி வந்துவிட்டது. வகுப்பே ஜன்னலில் தொங்கியது. வாயாடி மட்டும் இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை. "நான் வரைஞ்சதாலயா மிஸ்?"

"இல்லம்மா" என்றேன். மாட்டினது நான்தானேடி, உனக்கென்ன வந்தது என்று சொல்லியிருக்கக்கூடாதா?

மதியம் லாரிக்காரர் சாப்பிடப் போன நேரத்தில் ஐந்தாறு பேர் தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு குட்டைக்கு ஓடினார்கள். தடுக்க வேண்டியவள் நான். கரையில் போய் நின்றுகொண்டு, யாரும் விழுந்துவிடாமல் மட்டும் பார்த்துக்கொண்டேன்.

ஜூலை 18
மூடியாகிவிட்டது.

ஆகஸ்ட் 9
வாயாடியின் அம்மா போன் செய்தார்.

"உங்ககிட்ட கேக்கவே வெக்கமா இருக்கு மிஸ்..."

அன்று மகள் பாட்டிலில் கொண்டுபோன தலைப்பிரட்டையைப் பால்கனியில் ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் வளர்க்கிறார்களாம். தண்ணீர் மாற்றுவதும் கீரை வேகவைத்துப் போடுவதும் அம்மாதானாம். மகளுக்கு வேடிக்கை பார்ப்பதோடு சரி.

"பின்னங்கால் போன வாரமே வந்துடுச்சு. இன்னிக்கு முன்னங்கால். தொட்டியில ஏறி ஏறி விழுது மிஸ், பாக்கவே பாவமா இருக்கு. வெளிய விடணும்னு இவ சொல்றா. எங்க கொண்டுபோய் விடறது?"

அவர் குரலில் அவ்வளவு பதைப்பு. பள்ளிக்குக் கொண்டுவாருங்கள், நம் குட்டையில்... என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. இன்று காலைகூட அங்கே வரிசையாகக் கார்கள் நின்றிருந்தன.

"மிஸ்? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேங்க" என்றேன்.